கல்லடி, கண்ணடி, கண்ணாடி

கார்க் கூரையில் பதித்திருக்கும் கண்ணாடி ஓய்வாக இருப்பதே இல்லை. நிறுத்தி வைத்த வண்டியிலும் அது தன்னோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. டஃபன்டு கிளாஸ் என்கிறோமே, அதைச் செய்யும் விதம் அப்படி. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சிச் சடாரென்று குளிரவைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பின்னால் ஆறிச் சுருங்கப் பார்க்கும், இறுகிப்போன தோல் விடாது. கடைசியில் தோல் முழுக்க அழுத்தம், உள்ளே முழுக்க இழுவிசை. கண்ணாடியின் பலமே இந்த இழுபறிதான். தரச் சோதனையில் 227 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டை 2 மீட்டர் உயரத்திலிருந்து அதன் மேல் போடுவார்கள். தாங்கும். ஆனால் ஒரு விரிசல் தோலைத் தாண்டி உள்ளே இழுவிசை இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டால் அதோடு கதை முடிந்தது. நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் விரிசல் கிளை கிளையாக ஓடி, மொத்தக் கண்ணாடியும் சோளப்பொரி மாதிரி உதிர்ந்துவிடும்.

17ஆம் நூற்றாண்டில் இளவரசர் ரூபர்ட் என்பவர் இங்கிலாந்து அரசவைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் கொண்டுவந்தார். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் கிடைக்கும் துளி. தலையில் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை லேசாகக் கிள்ளினால் தலை உட்பட மொத்தமும் தூள். 1665இல் வெளிவந்த ‘மைக்ரோகிராஃபியா’வில் ராபர்ட் ஹூக் இதற்காகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். நம் கார்க் கூரை அந்தத் துளியைத் தட்டையாக்கியதுதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கண்ணாடி உருகும்போது எங்கிருந்தோ கொஞ்சம் நிக்கல் கலந்து, நிக்கல் சல்ஃபைடு என்ற துணுக்காக உள்ளே தங்கிவிடலாம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பொடி அளவு. அதிக வெப்பத்தில் அதற்கு ஒரு படிக வடிவம், சுமார் 380 டிகிரிக்குக் கீழே வேறொன்று. சடாரென்று குளிரவைத்ததால் மாற நேரமில்லாமல் பழைய வடிவத்திலேயே மாட்டிக்கொள்கிறது. பிறகு சாதாரண வெப்பத்தில், மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், மெல்ல மெல்ல மாறுகிறது. மாறும்போது 2 முதல் 4 சதவீதம் வீங்குகிறது. இழுவிசை இருக்கும் இடத்தில் அது உட்கார்ந்திருந்தால் அவ்வளவுதான். மெல்போர்னில் ஐசிஐ ஹவுஸ் என்ற உயரமான கட்டடத்தின் கண்ணாடிகள் யாரும் தொடாமலே உடைந்து விழுந்தபோது, காரணம் இந்தத் துணுக்குதான் என்று 1961இல் பாலன்டைன் என்ற ஆய்வாளர் எழுதினார். அதற்குப் பிறகுதான் ‘கண்ணாடி தானாக உடையும்’ என்பது பொறியியல் உண்மையாயிற்று.

ஆக, கண்ணாடி சும்மா உடையும். காரணமே இல்லை என்று சொல்லவில்லை. காரணம் அது உடைந்த நாளில் இல்லாமல் போகலாம். உலையில் இருந்திருக்கலாம். பொருத்தும்போது ஓரத்தில் பட்ட இடியாக இருக்கலாம். போன வருடம் விழுந்த கீறலாக இருக்கலாம். ஆனால் கிளெய்ம் ஃபாரம் கேட்பது அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும்தான்.

அத்தானின் கார் வழியாகத்தான் இந்த விவகாரத்துக்குள் வந்தேன். அக்கா வீட்டுக்காரர் திருச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடன் போட்டு வாங்கிய கார், கூரை முழுக்கக் கண்ணாடி. (நம்மூர் வெயிலில் கூரையைக் கண்ணாடியில் போட்டு, அதற்குக் கீழே துணித் திரை போட்டு, அதற்கும் கீழே ஏசியை முழு வேகத்தில் வைத்து ஓட்டுவதன் தர்க்கம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் ஷோரூமில் அக்கா மகள் ஒருமுறை அண்ணாந்து பார்த்த பிறகு வேறு மாடல் பற்றிப் பேச்சே எழவில்லையாம்.) மே மாதம், ஞாயிறு மதியம். சென்னைக்கு வரும் வழியில் உளுந்தூர்ப்பேட்டை தாண்டியதும் டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். முன்னால் லாரி இல்லை, மேலே பாலம் இல்லை. ஓரங்கட்டி நாலு டயரையும் பார்த்திருக்கிறார். நன்றாகத்தான் இருந்தன. அக்காதான் மேலே பார்த்தாள். திரை மூடியிருந்ததால் துண்டுகள் எல்லாம் துணியில் தங்கி, தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த கண்ணாடி வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது.

வெளிப்பக்கம் புடைத்திருந்தால் உள்ளிருந்து வெடித்தது என்றுதானே அர்த்தம் என்று பலரும் கேட்டார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. வேகமாகப் போகும் காரின் கூரைக்கு மேல் காற்றழுத்தம் குறைவு. எதனால் உடைந்தாலும் துண்டுகள் மேல்நோக்கி இழுபடும். சரி, உடைந்த இடத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியாதா? நிக்கல் சல்ஃபைடு என்றால் விரிசல் தொடங்கிய புள்ளியில், பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி ஒட்டிய இரண்டு பெரிய துண்டுகள் இருக்கும் என்கிறார்கள். கட்டடத்தில் சட்டத்தோடு நிற்கும் கண்ணாடியில் அதைத் தேடலாம். நெடுஞ்சாலையில் காற்றில் பாதி பறந்து, மீதி துணியில் கொட்டிய ஆயிரக்கணக்கான துண்டுகளில் எங்கே தேடுவது? நம் கழுத்தை அறுக்கக் கூடாது என்பதற்காக உதிரும்படி செய்த பொருள் இது. 5 செ.மீ. சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகளாக உடைய வேண்டும் என்று விதியே இருக்கிறது. உதிரும்போது சாட்சியத்தையும் சேர்த்து உதிர்த்துவிடுகிறது.

முதலில் வாரன்டி கவுன்டர். “சார், கிளாஸ் தானா உடையாது சார். வெளியில இருந்து ஏதோ பட்டிருக்கும். வாரன்டியில வராது.” எந்தக் கல்லையும் அவர்கள் பார்க்கவில்லை, பார்க்கவும் தேவைப்படவில்லை. அடுத்து அதே கட்டடத்தில் இருபது அடி தள்ளி இன்ஷூரன்ஸ் மேசை. நம்மூர் மோட்டார் பாலிசியில் என்னென்னவற்றுக்குப் பணம் என்று ஒரு பட்டியல் இருக்கும்: தீ, திருட்டு, வெள்ளம், கலவரம், நிலச்சரிவு, வெளியிலிருந்து நேரும் விபத்து. தேய்மானத்துக்கும் பாகம் தானாகப் பழுதாவதற்கும் கிடையாது. இங்கே கல் இருந்தால்தான் காசு. ஆக ஒரே கண்ணாடி ஒரு மேசையில் கல்லால் உடைந்தது, அதனால் பணம் இல்லை. அடுத்த மேசையில் கல்லால் உடையவில்லை என்றால் பணம் இல்லை. எஸ்டிமேட் 62,000 ரூபாய்.

சர்வீஸ் அட்வைசர் நல்ல பையன். ஃபாரத்தை நீட்டும்போதே சொன்னான்: “கல்லு பட்டுச்சுன்னு போட்டுடுங்க சார். ஈசியா பாஸ் ஆயிடும்.” ரகசியம் பேசும் குரலே இல்லை, பின்கோடு சொல்கிற மாதிரி சொன்னான். “இதுக்கு முன்னாடி இந்த மாடல்லயே மூணு வண்டி வந்துச்சு. எல்லாம் கல்லுதான்.”

“நெஜமாவே கல்லா?” என்றேன்.

“ஃபைல்ல கல்லுதான் சார்.”

அத்தான் பேனாவைத் திறந்துவிட்டார். ஏதோ படும்படி நடந்ததை நாம் பார்க்கவில்லையே, நடந்ததை நடந்தபடி எழுதினால் என்ன என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டது நியாயமான கேள்வி. “மாப்ள, உன் காசா போகுது?”

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் நேர்மை பற்றி யாரும் கட்டுரை எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். அடுத்தவர் பணத்தில் உண்மை பேசுவது ரொம்ப சுலபம். ஐடியில் மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு 62,000 ஒரு எரிச்சல். அவருக்கு அது கடையில் இரண்டு மாத லாபம், அல்லது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். தவிரவும், அவர் கேட்டது பிச்சை இல்லை. மூன்று வருடம் பிரீமியம் கட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணாடியில் நிஜமாகவே கல் பட்டால் அவருக்குப் பணம் வரும். இவருடையது உலையிலேயே நோயோடு பிறந்ததால் வராது. இரண்டு பேரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. இரண்டு பேரின் நஷ்டமும் ஒன்றுதான். இந்த வித்தியாசத்தில் ஒப்பந்தம் இருக்கிறது, நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை. அட்வைசர் சொன்ன பொய் இந்தக் கோணலை நிமிர்த்தும் ஒரு சின்ன கருணை. அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசில்லை.

வள்ளுவரும் துணைக்கு வருவார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்ற பொருளில் 292ஆவது குறள் இருக்கிறது. நம்மூரில் பொய் சொல்லும் எல்லோருக்கும் மனப்பாடம் அது. ஆனால் வள்ளுவர் வெறும் ‘நன்மை’ என்று நிறுத்தவில்லை. குற்றமற்றது என்று ஒரு அடைமொழி போட்டிருக்கிறார், மொத்தக் குறளும் அதன்மேல்தான் நிற்கிறது. யாருக்கும் தீங்கில்லையா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் பொய்யைக் கையில் எடுக்க முடியும். கல் விஷயத்தில் எல்லோரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு 62,000 ஒரு நஷ்டமா என்று கேட்டுவிட்டுத் தேடலை முடித்துக்கொள்கிறார்கள். நான் தேடிய இடம் வேறு. அட்வைசர் சொன்ன அந்த மூன்று வண்டிகள்.

அந்த மூன்று பேரில் ஒருவர் கண்ணாடியிலாவது ஒருவேளை கல் படாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால், ‘ஒன்றும் படவில்லை, தானாக உடைந்தது’ என்று ஒரு வரி எங்கேயாவது பதிவாகியிருந்தால், நாலாவதாக வந்த அத்தானிடம் ‘கிளாஸ் தானா உடையாது சார்’ என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொருவரும் தன் பணத்தை மீட்க ஒரு கல்லை எழுதினார்கள். அந்தக் கற்களை வைத்துத்தான் அடுத்தவனுக்கு வாரன்டி மறுக்கப்படுகிறது. ஐந்தாவதாக ஒருவர் வருவார். அவர் வண்டியில் திரை திறந்திருக்கலாம், கீழே குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். அவர் யாரென்று நமக்குத் தெரியாது என்பதாலேயே கணக்கில் வராமல் போகிறார்.

என் துறையில் இந்தக் கல்லுக்கு ‘நெட்வொர்க் பிரச்சினை’ என்று பெயர். சர்வர் நின்றால் டிக்கெட்டில் ‘மூலகாரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். காலியாக விட்டால் டிக்கெட் மூடாது. ராத்திரி மூன்று மணிக்கு, காரணம் புரியாமலே ரீஸ்டார்ட் செய்து சரியான சர்வருக்கு என்ன எழுதுவது? தற்காலிக நெட்வொர்க் பிரச்சினை. யாரையும் குற்றம் சொல்லாத, யாரும் மறுக்க முடியாத, எங்கிருந்தோ பறந்து வந்த கல். ஆறு மாதம் கழித்துப் புதிதாக ஒருவர் சேர்ந்து பழைய டிக்கெட்டுகளைப் படித்தால், இந்த சிஸ்டத்தில் ஒரு குறையும் இல்லை, நெட்வொர்க்தான் மோசம் என்ற முடிவுக்குத்தான் வருவார். காலிக் கட்டம் இருந்திருந்தால் அவருக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்.

கண்ணாடி விஷயத்திலும் வேறு நாடுகளில் இது நடந்திருக்கிறது, நல்ல திசையில். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்ஸாவிடம் யாரும் புகார் எழுதலாம், என்ன நடந்தது என்று சொந்த வார்த்தையில். ‘ஓட்டிக்கொண்டிருந்தேன், துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம், எதுவும் பட்டதாகத் தெரியவில்லை’ என்கிற ரீதியில் மக்கள் எழுதிக் குவித்தார்கள். அந்தக் குவியலில் இருந்துதான் ஒரு மாடலின் சன்ரூஃப் பற்றி விசாரணையே தொடங்கியது. தென்கொரியாவில் 2013ஐ ஒட்டி அரசு ஆய்வகமே சோதித்துப் பார்த்தது. கண்ணாடி ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை இருக்குமே, பசையை வெயிலிலிருந்து மறைப்பதற்காகச் சுட்டு ஏற்றிய செராமிக் பூச்சு, அது இருக்கும் இடத்தில் கண்ணாடி பலவீனமாக இருப்பதைக் கண்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஜெனீவாவில் ஐ.நா. வாகன விதிகள் பேசும் அவை வரை போனார்கள். நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் 1 முதல் வாகனங்களைத் திரும்பப் பெற வைக்கும் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி, ஒரு மாடல் மீது வரும் புகார்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். கல் புகார் ஆகாது. கல்லடி பட்டதாகப் பதிவான கண்ணாடியை எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டார்கள்.

கான்ட் 1797இல் பொய் பற்றி எழுதிய சின்னக் கட்டுரையை எல்லோரும் கிண்டல் செய்வார்கள். வாசலில் கொலைகாரன் வந்து, நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்றாரே, அதற்காக. நானும் கல்லூரியில் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும். பொய் எதிரில் இருப்பவனை மட்டும் பாதிப்பதில்லை, சொல்லப்படும் வாக்குமூலங்கள் எல்லாவற்றின் நம்பகத்தையும் அரிக்கிறது, அதனால் மனிதகுலம் மொத்தத்துக்கும் செய்யும் தீங்கு என்கிறார். கொலைகாரன் முன்னால் இந்த வாதம் நிற்காது. கிளெய்ம் ஃபாரத்தின் முன்னால் அசையாமல் நிற்கிறது. ஃபாரத்துக்கு முகமில்லை, அதில் எழுதுவது பின்னால் படிக்கப்போகும் எல்லோருக்கும் எழுதுவதுதான்.

உண்மை பேசும் கடமை பாலிசி எடுத்தவனுக்கு மட்டும்தானா என்று கேட்டால் அதற்கும் பழைய பதில் உண்டு. இன்ஷூரன்ஸின் அடிப்படை ‘உச்சபட்ச நல்லெண்ணம்’ என்று 1766இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பு எழுதினார். சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டைக்கு அதன் ஆளுநர் எடுத்த காப்பீடு பற்றிய வழக்கு. இன்ஷூரன்ஸ் தேர்வுகளில் இதை மனப்பாடம் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நினைவில் நிற்காத பகுதி: நல்லெண்ணம் இரண்டு தரப்பையும் கட்டும் என்றார், வழக்கில் ஜெயித்ததும் காப்பீடு எடுத்தவர்தான். அப்படியானால் ‘தெரியவில்லை’ என்று எழுத இடமில்லாத ஃபாரத்தை அச்சடிப்பதும் அந்தக் கடமையை மீறுவதுதானே? நேர்மையாக இருப்பவனுக்கு மட்டும் நஷ்டம் வரும்படி ஒரு கேள்வியை வடிவமைத்துவிட்டு, பிறகு மக்கள் பொய் சொல்கிறார்கள் என்று புலம்புவது எந்த வகை நல்லெண்ணம்?

அக்காவின் மாமியார் சொன்ன காரணத்தையும் சொல்ல வேண்டும். “கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? தெருவே பார்த்துச்சு அந்த வண்டியை.” நாங்கள் சிரித்தோம். யோசித்தால், அன்றைக்குக் கேட்ட விளக்கங்களில் கண்ணாடியின் பௌதிகத்துக்குப் பக்கத்தில் வந்தது அதுதான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, எப்போதோ உள்ளே இறங்கி, காத்திருந்து, ஒரு நாள் உடைத்தது. அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது, ஆனால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் கட்டுவதோடு முடித்துக்கொண்டார்.

அத்தான் இரண்டு நாள் ஃபாரத்தை வீட்டிலேயே வைத்திருந்தார். நான் போன் செய்து அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே எழுதினார், தமிழில், கடைப் பில் எழுதும் கையெழுத்தில்: எந்த நேரம், எந்த இடம், என்ன வேகம், முன்னால் வண்டி இல்லை, சத்தம் கேட்டது, எதுவும் பட்டதைப் பார்க்கவில்லை, காரணம் தெரியவில்லை. ஏன் மனம் மாறினார் என்று கேட்டேன். அந்தப் பையன் மூணு வண்டி என்று சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது என்றார். “என் கடையில ஒரே கம்பெனிக் குழாய் மூணு தடவ திரும்பி வந்தா நான் நாலாவது விக்க மாட்டேன் மாப்ள.”

சர்வேயர் வந்தார். படம் எடுத்தார். “எதுவுமே படலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க,” என்று இரண்டு முறை கேட்டார். கையை நீட்டித் தூக்கிவிடும் தொனி அது. அத்தான் இல்லை என்றே சொன்னார். மூன்று வாரம் பதில் இல்லை. அந்த மூன்று வாரமும் கார் கூரையில் பாலிதீன் ஷீட்டோடு நின்றது. பிறகு பணம் பாஸாகிவிட்டது. சர்வேயர் தன் அறிக்கையில், ‘அறியப்படாத வெளிப்பொருள் பட்டு உடைந்திருக்கலாம்’ என்று எழுதியிருந்தார்.

இது என்னை ரொம்ப நாள் அரித்தது. நமக்காக இன்னொருவர் சொல்லும் பொய்யைத் திருத்தும் கடமை நமக்கு உண்டா? அவர் எழுதியது பொய்தானா என்பதே முதல் சிக்கல். அவர் நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவராக ஊகித்திருக்கிறார். ஊகிக்க அவருக்கு உரிமை உண்டு, கல் பட்டிருக்கவே முடியாது என்று நானும் நிரூபிக்க முடியாது. அத்தானுக்கு இதில் குழப்பமே இல்லை. “நான் பார்த்ததை நான் எழுதிட்டேன். அவர் நெனச்சதை அவர் எழுதிட்டார்.” இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அந்த ஐந்தாவது ஆளை நினைத்தால், கணக்கில் ஏறியது சர்வேயரின் வரிதான், அத்தானின் வரி இல்லை.

கண்ணாடி மாற்றிய அன்று அரை நாள் பணிமனையில் நின்றேன். பொருத்துவது சின்ன வேலை, சுத்தம் செய்வதுதான் பெரிசு. தண்டவாளம் மாதிரி ஓடும் இரண்டு பள்ளங்களிலும் துணுக்குகள் கிரீஸோடு ஒட்டியிருந்தன. ஒன்று மிஞ்சினாலும் கூரையைத் திறக்கும்போது கடகடக்கும், புதுக் கண்ணாடியின் ஓரத்தைக் கீறும். நாலு மூலையிலும் மழைத் தண்ணீர் வடியும் குழாய்கள் இருக்கின்றன. அதில் துண்டு அடைத்தால் அடுத்த நவம்பரில் கார்ப்பெட் நனையும். டெக்னீஷியன் இரண்டு மணி நேரம் குனிந்து, வேக்கூம் வைத்து உறிஞ்சி, பிரஷ்ஷால் தள்ளி, டார்ச் அடித்துப் பார்த்து, திரும்ப உறிஞ்சினார். பிறகு கண்ணாடியை வைத்து, ஸ்குரூவை லேசாக மட்டும் முறுக்கி, விரல் நுனியால் கூரை விளிம்பைத் தடவி உயரம் பார்த்தார். முன்விளிம்பு கூரையைவிட ஒரு மயிரிழை தாழ, பின்விளிம்பு ஒரு மயிரிழை உயர. இல்லையென்றால் வேகத்தில் விசில் அடிக்கும் என்றார். சுவிட்சைப் பிடித்து அழுத்தி, மோட்டாருக்கு எல்லைகளைத் திரும்பக் கற்றுக்கொடுத்தார். ஓஸில் தண்ணீர் பீய்ச்சிப் பத்து நிமிடம் பார்த்தார். வேலை முடிந்த பிறகும் ஓரத்தில் இருந்த கறுப்புப் பட்டையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழையதில் இருந்த அதே அகலம், அதே பாக எண்.

பில்லோடு ஜாப் கார்டையும் கொடுத்தார்கள். வண்டி எண், கிலோமீட்டர், பாக எண், கூலி எல்லாம் சரியாக இருந்தது. ‘சேதத்துக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘ஸ்டோன் ஹிட்’ என்று அச்சாகியிருந்தது. அத்தான் அதைச் சுட்டிக்காட்டி, நான் அப்படி எழுதித் தரவில்லையே என்றார். அட்வைசர் மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினான். டிராப்டவுனில் மொத்தம் மூன்றே வரிகள்: ஆக்ஸிடென்ட், ஸ்டோன் ஹிட், கஸ்டமர் ரிக்வெஸ்ட்.

“எது போடட்டும் சார், சொல்லுங்க?” என்றான்.